பேசினால் வேலை கெடுமா?



'நாலு பொம்பளைங்க சேர்ந்த இடத்துல வேலை நடக்குமா?' இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் காது புளித்துவிட்டது. ஆண்கள் டீக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பேசினால் அது நாட்டு நடப்பு. நாம் ஐந்து நிமிஷம் பேசினால் அது அரட்டை! இந்த வழக்கைத் தீர்த்து வைக்க நான் ஆளில்லை. ஆனால், வேலை நேரத்தில் பேச்சை எவ்வளவு விடலாம், எங்கே நிறுத்தலாம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. ஒரு பெண்ணின் வேலையே போக இருந்தது. அதில் நாங்கள் தெரிந்துகொண்டது மற்ற சகோதரிகளுக்கும் உதவும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 18 வருஷமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் 8 பேர். அதில் 6 பேர் பெண்கள். கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரிகள், விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்காரர்கள், தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர்கள் என்று எங்களுக்குப் பார்ட்டிகள் அதிகம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எங்கள் பிழைப்பே தேதியோடு ஓடுகிற ஓட்டமாகிவிட்டது. மாதா மாதம் கணக்குக் காட்டும் வியாபாரி, விற்ற கணக்கை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி 3பி படிவம் போட வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய், வியாபாரமே நடக்காத மாதமாக இருந்தாலும் நாளைக்கு 20 ரூபாய். கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி வேறு. அந்தப் பணத்தைப் பார்ட்டி யாரிடம் கேட்பார்? எங்களிடம்தான்.

ஒரு சமயம் அடுத்தடுத்து மூன்று பார்ட்டிகளுக்குத் தாமதக் கட்டணம் விழுந்துவிட்டது. சாருக்கு வந்ததே கோபம்! "இங்க வேலை நடக்குதா, சந்தைக்கடை நடக்குதா?" என்று சத்தம் போட்டார். மறுநாளே சட்டம் வந்தது. சாப்பாட்டு நேரம் தவிர யாரும் யாரோடும் பேசக்கூடாது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்க்க வேண்டும். அதோடு விட்டாரா? எங்களில் அதிகம் பேசுகிற ஒரு அக்காவைக் குறிப்பிட்டு, "அடுத்த மாசத்தோட அவங்க கணக்கை முடிச்சிடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 50க்கு மேல். பேச ஆரம்பித்தால் நிற்காது. பேரனுக்குப் பல் முளைத்ததில் தொடங்கி, ரேஷன் கடை வரிசை, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று போய்க்கொண்டே இருக்கும். பேங்க் கணக்கை வரி வரியாக டிக் அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "நேத்து சீரியல் பாத்தியா?" என்பார். அத்தோடு நாம் எந்த வரியில் இருந்தோம் என்பதே மறந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதனால் வேலை கெட்டது உண்மை. அதை மறைப்பதற்கில்லை. வருமானம் வேண்டி வேலைக்கு வருகிற அக்காதான். அதற்காக வேலை கெடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது.

மௌனம் செய்த கோலம்

மூன்று வாரம் அலுவலகம் கோயில் கருவறை மாதிரி இருந்தது. ஃபேன் ஓடுகிற சத்தமும் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தமும்தான். சாருக்கு மெத்த சந்தோஷம். எனக்கோ உள்ளூர ஒரு உதைப்பு. வாயை மூடினால் என்ன, விரல் சும்மா இருக்குமா? மேஜைக்கு அடியில் வாட்ஸ்ஆப் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு இரண்டு நிமிஷத்தில் பேசி முடித்த விஷயம் இப்போது அரை மணி நேரம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பேசினாலாவது கண்ணுக்குத் தெரியும். இது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த மாதம் நடுவில் வெடித்தது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண், பி.காம். முடித்து முதல் வேலை. ஒரு மளிகை மொத்தக் கடையின் விற்பனை பில்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். சரக்கு வாங்கியவர்களில் ஒரே பெயரில் இரண்டு கடைகள். ஒன்று அண்ணன் கடை, ஒன்று தம்பி கடை. பில் அண்ணனுக்குப் போட்டது. இவளோ தம்பியின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஏற்றிவிட்டாள். எண் சரியான எண்தான் என்பதால் கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொண்டது.

சரக்கு விற்றவர் காட்டுகிற கணக்கை வைத்துத்தான் வாங்கியவருக்கு வரி வரவு தெரியும். மாதம் 14ஆம் தேதி வாக்கில் அந்தப் பட்டியல் வரும். அண்ணன் கடைக்காரர் பார்த்திருக்கிறார். 27 ஆயிரம் ரூபாய் வரவு அவர் கணக்கில் இல்லை. "வரவு வர்ற வரைக்கும் பணம் தர மாட்டேன்" என்று எங்கள் பார்ட்டிக்குக் கொடுக்க வேண்டியதில் அந்த 27 ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டார். வாங்கியவர் எண் தவறினால் அதை அடுத்த மாதக் கணக்கில்தான் திருத்த முடியும். ஆக, ஒரு மாதம் எங்கள் பார்ட்டியின் பணம் முடங்கியது. அவர் போனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, பக்கத்து சீட்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே?" என்றேன். கண்ணில் நீர் முட்ட, "கேக்கணும்னுதான் இருந்துச்சு அக்கா. பேசுனா சார் திட்டுவாரேன்னு பயந்து நானா ஒண்ணைப் போட்டுட்டேன்" என்றாள்.

பக்கத்து சீட் யாருடையது தெரியுமா? வேலையை விட்டு அனுப்பச் சொன்ன அதே அக்காவுடையது. அண்ணன் கடை எது, தம்பி கடை எது, அவர்களுக்குள் எந்த வருஷம் பாகப்பிரிவினை ஆனது வரைக்கும் அவருக்கு அத்துப்படி. அதெல்லாம் எப்படித் தெரியும்? பேசிப் பேசித்தான்!

நோட்டுப் போட்டுப் பார்த்தேன்

சாரிடம் போய், "எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்க சார். யாரால வேலை கெடுதுன்னு நான் கணக்குக் காட்டுறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றேன். கணக்கு என்றதும் ஆடிட்டர் மறுப்பாரா? சரி என்றார்.

ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, இரண்டு வாரம் குறித்து வைத்தேன். யார் எப்போது வேலையை நிறுத்தினார்கள், எதற்காக நிறுத்தினார்கள் என்பது மட்டும். வந்த கணக்கு எங்களுக்கே வியப்பு. அதிக முறை வேலையை நிறுத்த வைத்தது எங்கள் அரட்டை இல்லை. பார்ட்டிகளின் போன்தான் முதல் இடம். "மேடம், பில் அனுப்பிட்டேன், பாத்தீங்களா?" என்று ஒருவரே மூன்று தடவை கூப்பிடுவார். இரண்டாவது இடம் யாருக்கு? சாருக்கேதான்! அறைக்குள்ளிருந்து, "அந்த ஃபைல் எங்கம்மா?" என்று குரல் கொடுத்தால் எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்ப்போம். அரட்டை மூன்றாவது இடத்தில் இருந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கம். நோட்டையே கையில் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுச் சிரித்தார். அதுவே பாதி வெற்றி.

இன்னொன்றும் அந்த நோட்டில் இருந்தது. பார்ட்டிகளிடம் பில் வாங்குவது எங்கள் வேலையிலேயே கஷ்டமானது. "இன்னைக்குத் தர்றேன், நாளைக்குத் தர்றேன்" என்று இழுப்பார்கள். அந்த அக்கா போன் செய்தால் மட்டும், "மகளுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா அண்ணே?" என்று ஆரம்பித்து, முடிக்கும்போது பில் வந்திருக்கும். எங்களுக்கு முன்கூட்டியே பில் கொடுத்த பார்ட்டிகளில் பாதிக்கு மேல் அவர் பேசி வாங்கியவை.

சிகாகோ பெண்களின் கதை

எம்.பி.ஏ. படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, "அம்மா, இதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே சோதிச்சுப் பாத்திருக்காங்க" என்று பாடத்தைக் காட்டினாள். அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில் ஹாதார்ன் என்ற பெரிய தொழிற்சாலை இருந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமானது. டெலிபோன் சாமான்கள் செய்வார்கள். 1927ல் அங்கே ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்து, ரிலே என்ற சின்னக் கருவியைப் பூட்டச் சொன்னார்கள். ஆறாவதாக ஒரு பெண் சாமான்களை எடுத்துக் கொடுப்பாள். நடுவில் ஓய்வு, சிற்றுண்டி, சீக்கிரம் வீட்டுக்குப் போவது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பெரிய கூடத்தில் இருந்ததைவிட அந்த அறையில் தாராளமாகப் பேசிக்கொள்ளவும் முடிந்தது. இரண்டு வருஷம் போல நடந்ததில் அவர்கள் செய்து முடித்த ரிலேக்கள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியதாம்.

அதற்குப் பேச்சுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஓய்வு கொடுத்தது, சின்னக் குழுவாகக் கூலி கணக்கிட்டது, கவனித்துக் கேட்க ஆள் இருந்தது என்று அறிஞர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என்னை உறுத்தியது வேறு. 1928 ஜனவரியில் அந்த ஐந்து பேரில் இரண்டு பேரை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று எடுத்துவிட்டு, வேறு இரண்டு பெண்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்களாம். புத்தகம் முழுக்க உற்பத்திக் கணக்குதான். போன இரண்டு பேரைப் பற்றிப் பாடத்தில் ஒரே ஒரு வரி. அதைப் படித்தபோது எங்கள் அக்காவின் முகம்தான் கண்முன் வந்தது.

நாங்கள் செய்த ஏற்பாடு

சாரும் நாங்களும் உட்கார்ந்து பேசி, சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். செலவு ஒரு பைசா இல்லை.

1. காலையில் வந்ததும் 10 நிமிஷம் நின்றுகொண்டே பேசுவோம். இன்று யாருக்கு என்ன வேலை, எந்த பில் வரவில்லை, யார் சீக்கிரம் கிளம்ப வேண்டும். "பையனுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் அக்கா" என்பதும் இதிலேயே வந்துவிடும். அவளுக்கு அன்று கஷ்டமான வேலை கொடுக்க மாட்டோம்.

2. காலை 11.30க்கும் மாலை 4 மணிக்கும் டீ நேரம், 15 நிமிஷம். டீயை மேஜைக்கு வாங்கிக்கொண்டு வரக்கூடாது. எழுந்து வராந்தாவுக்குப் போக வேண்டும். அங்கே சீரியலோ சேலையோ என்ன வேண்டுமானாலும் பேசலாம். சாரும் கேட்க மாட்டார்.

3. எல்லோர் மேஜையிலும் தண்ணீர் குடிக்க எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதைக் கவிழ்த்து வைத்திருந்தால், 'நான் கூட்டல் கழித்தலில் இருக்கிறேன், கூப்பிடாதே' என்று அர்த்தம். நிமிர்த்தி வைத்திருந்தால் கேட்கலாம். எந்நேரமும் கவிழ்த்தே வைக்கக்கூடாது. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது கட்டுப்பாடு.

4. வேலை சம்பந்தமான சந்தேகத்துக்கு டம்ளர் கணக்கு கிடையாது. அவசரமானால் உடனே கேட்டுவிட வேண்டும். அவசரமில்லாததைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, டம்ளர் நிமிர்ந்ததும் மொத்தமாகக் கேட்கலாம். புதிதாக வந்தவர்கள் கேட்டால், 'இதுகூடத் தெரியாதா' என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த ஒரு சொல் போதும், அவள் அடுத்த முறை வாயே திறக்க மாட்டாள்.

5. ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதியிலிருந்து 11 வரை, 17லிருந்து 20 வரை விரத நாட்கள்! டீ நேரம் தவிர வெட்டிப் பேச்சு கிடையாது. 12ஆம் தேதியும் 21ஆம் தேதியும் ஆளுக்கு ஒன்றாகச் செய்து எடுத்துவந்து சேர்ந்து சாப்பிடுவோம். ஒருத்தி புளியோதரை, ஒருத்தி உருளைக்கிழங்குக் கறி, சார் தன் பங்குக்கு அல்வா வாங்கித் தருவார்.

6. பார்ட்டிகளின் போன்கள் எல்லாம் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று முறை வைத்து எடுப்போம். மற்றவர்கள் நிம்மதியாக வேலை பார்க்கலாம். பில் கேட்டுப் பேசுகிற பொறுப்பு முழுக்க அந்த அக்காவுக்கு. அவர் மேஜையையும் வாசல் பக்கமாக மாற்றிப் போட்டாயிற்று. பேசுகிற வேலை பேசுகிறவருக்கே!

சாரும் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். அறையிலிருந்து குரல் கொடுக்காமல் இன்டர்காமில் ஒருவரை மட்டும் கூப்பிடுவது என்று. எப்போதாவது மறந்து கத்துவார். நாங்கள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் டம்ளரைக் கவிழ்ப்போம்.

மனம் நோகாமல் நிறுத்துவது எப்படி?

ஒருவர் ஆர்வமாகப் பேசும்போது, "எனக்கு வேலை இருக்கு" என்று வெட்டினால் முகம் சுண்டிவிடும். நான் சொல்வது இதுதான்: "அக்கா, இதை அரைகுறையாக் கேக்கக் கூடாது. டீ குடிக்கிறப்ப முழுசா சொல்லுங்க." இப்படிச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் டீ நேரத்தில் நாமாகப் போய், "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் நம் பேச்சுக்கு மரியாதை போய்விடும்.

சில பேச்சுகளை டீ நேரத்திலும் வைத்துக்கொள்ளக் கூடாது. அன்று வராதவளைப் பற்றிய பேச்சு, சம்பளத்தை ஒப்பிடுவது, "இன்னும் விசேஷம் இல்லையா?", "வரன் அமையலையா?" என்று கேட்பது. கேட்கிறவளுக்கு அது ஒரு நிமிஷப் பேச்சு. கேட்கப்பட்டவளுக்கு அன்று முழுக்க வேலை ஓடாது.

ஆண்கள் இருக்கும் இடத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உடம்பைப் பற்றியும் உடுப்பைப் பற்றியும் ஆபாசமாகப் பேசிவிட்டு, "சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்" என்பார்கள். அது அரட்டைக் கணக்கில் சேராது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் தொந்தரவிலிருந்து காக்க 2013ல் வந்த சட்டத்தில் அப்படிப்பட்ட பேச்சும் குற்றம்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அலுவலகத்துக்குள்ளேயே புகார்க் குழு இருக்க வேண்டும். எங்களைப் போல 10 பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. இதை எங்கள் வராந்தாவில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

வீட்டில் இருக்கும் தோழிகளுக்கும்

இது அலுவலகம் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் என் தோழி ஒருத்தி, "பக்கத்து வீட்டுக்காரங்க வந்து உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க, ஜாக்கெட்டு தைக்க முடியல" என்று அழுவாள். அவளுக்கும் இதே வைத்தியம்தான் சொன்னேன். "நாலு மணிக்கு வாங்க, சேர்ந்து காபி குடிக்கலாம்" என்று நேரம் சொல்லிவிட்டாள். இப்போது உறவும் இருக்கிறது, தையலும் நடக்கிறது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மகனோ மருமகளோ உங்கள் வீட்டில் இருக்கலாம். மீட்டிங் நடுவில் போய், "வெண்டைக்காயா, கத்தரிக்காயா?" என்று கேட்டால் அவர்கள் முகம் சுளிப்பது நம்மை மதிக்காததால் இல்லை. எண்ணிக்கொண்டிருந்தது கலைந்துவிடுகிறது, அவ்வளவுதான். அவர்கள் மேஜையிலும் ஒரு டம்ளரை வைத்துவிடுங்கள். அதே சமயம், வெளியே வந்து நம்மோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச அவர்களுக்கும் ஒரு டீ நேரம் இருக்கட்டும்.

எங்கள் அலுவலகத்தில் இந்த ஏற்பாடு வந்து ஆறு மாதம் ஆகிறது. இதற்கிடையில் ஒரே ஒரு முறைதான் தாமதக் கட்டணம் விழுந்தது. அதுவும் பார்ட்டி ஊரில் இல்லாததால். அக்காவின் கணக்கை முடிப்பதைப் பற்றி சார் பிறகு பேசவே இல்லை. போன மாதம் அவருக்குச் சம்பளத்தில் 500 ரூபாய் கூட்டிப் போட்டார். புதுப்பெண் இப்போது ஒரு நாளைக்குப் பத்துச் சந்தேகமாவது கேட்கிறாள். அண்ணன் கடை, தம்பி கடைக்கு அக்காவும் அவளுமாகச் சேர்ந்து ஒரு பட்டியலே போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

உங்கள் அலுவலகத்திலோ, மகளிர் சுய உதவிக் குழுவிலோ, வீட்டிலோ பேச்சையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இந்தப் பகுதிக்கு எழுதுங்கள், தோழிகளே. எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மதுரை.